கம்பியைப் பிடிக்காதீங்க, பெயிண்ட் ஈரம்

வாழ்நாளில் நான் அதிகமாகச் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டால், அதில் சாமி பெயரும் இருக்காது, பெண்டாட்டி பெயரும் இருக்காது. ‘கம்பியைப் புடிச்சு நில்லுங்க’ என்பதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் பஸ்ஸில் நான் கண்டக்டர். தூக்கத்திலும் இதையே சொல்வதாக வீட்டில் ஒரு புகார் உண்டு. ஒரு நாள் தூக்கத்தில், ‘உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குது’ என்று என் மனைவியைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டே போனேனாம்.

ஆகவே கைப்பிடிக் கம்பிகளைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இருக்கிறது. கம்பி எதற்கு? பிடித்துக்கொள்ள. இது போட்டவர்கள் நினைத்தது. ஊருக்குள் போய்ப் பாருங்கள். ஆஸ்பத்திரி வாசல் சரிவில், சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்காகப் போட்ட கம்பியில் நோயாளியோடு வந்தவர்களின் புடவை காய்ந்துகொண்டிருக்கும். பாங்க் படியோரக் கம்பியில் ஹெல்மெட்டும் குடையும் தொங்கும். ஒரு ஆபீஸ் வாசலில் பளபளவென்று இருந்த எவர்சில்வர் கம்பியில் வெள்ளாடு ஒன்று கட்டிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். மனு கொடுக்க வந்த ஆள் மாதிரி அது பொறுமையாக நின்றது. கோயில் வரிசைக் கம்பியில் பிள்ளைகள் தலைகீழாகத் தொங்கும். பெரியவர்கள் அதன் கீழே குனிந்து புகுந்து நாலு பேரைத் தாண்டிவிட்டுச் சாமிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வார்கள். என் பஸ்ஸின் மேல்கம்பியில் டிபன் கேரியர், பூக்கூடை, ஒரு தடவை உயிரோடு ஒரு சேவல். பிரேக் போட்டால் யாரும் கம்பியைத் தொடுவதில்லை. பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தோள் எதற்கு இருக்கிறது?

கம்பியைப் பிடித்துக்கொள்வதற்காகவே பிடிக்கிற ஆள் இந்தக் கடற்கரையில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான்.

எனக்கு உயரம் ஆகாது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையில் டிக்கெட் மிஷின், மறு கையில் சில்லறை, வாயில் விசில் என்று நின்று, எந்த வளைவு வந்தாலும் சமாளித்துவிடுவேன். இடுப்பைச் சாய்த்துக்கொள்ள ஒரு சீட்டுக் கம்பி இருந்தால் போதும். அதே ஆளைக் கைப்பிடி இல்லாத படிக்கட்டில் விட்டால், முழங்கால் இரண்டும் ‘நீ முன்னால் போ, நீ முன்னால் போ’ என்று ஒன்றுக்கொன்று மரியாதை செய்ய ஆரம்பித்துவிடும்.

எங்கள் மரக்காணம் உப்பளப் பக்கத்தில் வீடு கட்டுவதற்கு ஒரு முறை உண்டு. மேல்மாடி அப்புறம் எடுக்கலாம் என்று தூண் கம்பிகளை வானத்தைப் பார்க்க விட்டுவிடுவார்கள். படிக்கட்டு வீட்டுக்கு வெளிப்புறமாக ஏறும். அதற்குக் கைப்பிடியும் அப்புறம்தான். பிள்ளைகள் பிறந்து, படித்து, கல்யாணமாகிப் போன பிறகும் அந்த அப்புறம் வராது. ஆனால் யாரும் விழ மாட்டார்கள். உப்பளத்து வரப்பில் தலைச்சுமையோடு ஓடிப் பழகிய கால்களுக்குப் படிக்கட்டு என்பது நாலு வழிச் சாலை. நான்தான் வீடு கட்டும்போதே ஒற்றைக் காலில் நின்றேன். சுவருக்குப் பூச்சு இல்லாவிட்டால் போகட்டும், படிக்குக் கைப்பிடி இல்லாமல் கிரகப்பிரவேசம் கிடையாது என்று.

அந்த ஒற்றைக் காலிலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். அது வேறு விஷயம்.

என் மைத்துனன் எவர்சில்வர் பைப்பு போடலாம் என்றான். உப்பங்காற்றில் இரும்பு நிற்காது என்றான். நான் கேட்கவில்லை. பழைய இரும்புக் கடை ஒன்றில், உடைத்த பஸ்ஸின் கம்பிகள் கட்டுக்கட்டாகக் கிடந்ததைப் பார்த்து வைத்திருந்தேன். எத்தனையோ உள்ளங்கைகள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய கம்பிகள். அவற்றை வாங்கிவந்து, வெல்டிங் வைத்து, படியோரம் நட்டு, மைத்துனனை நிற்கவைத்துக் கேட்டேன். ‘டேய், ஓடுற பஸ்ஸுல ஒரு ஊரே தொங்கினப்போ தாங்கின கம்பி. நிக்கிற வீட்டுல ஒருத்தனைத் தாங்காதா?’

பதில் காற்றிடம் இருந்தது. காற்று அவசரப்படவில்லை.

வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கம்பிக்கும் ஒரு பூச்சு. மயில் நீலம். எண்ணெய் தேய்த்துக் குளித்த மாப்பிள்ளை மாதிரி மினுமினுக்கும். நான் அதைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவுவேன், மிளகாய் காயவைப்பேன், மேலே நின்று வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்களைப் பார்த்து, உயரத்தைக் கண்டு அஞ்சாத வீரனைப் போல ஒரு பெருமூச்சும் விடுவேன்.

இப்போது மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவள் ஆரோவில்லில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அவள் விரும்பிய பையனுக்கும் அங்கேதான், சோலார் விளக்கு செய்கிற ஒரு பட்டறையில் வேலை. சொந்த ஊர் பிரம்மதேசம். இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வந்து பழகியிருக்கிறார்கள். நல்லவேளை, அது என் பஸ் இல்லை. இருந்திருந்தால் நானே ‘நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க’ என்று சொல்லியிருப்பேன்.

மகள் எங்களிடம் நேராகவே சொல்லிவிட்டாள். எங்களுக்கு மறுப்பு இல்லை. பையனின் அப்பாதான் குறுக்கே நின்ற மதில். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற விவசாயி; பேச்சை விதைநெல் மாதிரி சேமித்துவைக்கிற மனிதர். முதல் தடவை பெண்ணைப் பார்க்க வந்தபோது வாசலில் நின்று, எதிரே தெரிந்த அளத்தைக் காட்டி, ‘உப்பளம் சொந்தமா?’ என்று கேட்டார். ‘உப்பு சொந்தம்ங்க, அளம் அடுத்தவங்களது’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. மீசை மட்டும் ஒரு தடவை அசைந்தது. அது காற்றாகவும் இருக்கலாம். அப்புறம் மாடிப்படியைப் பார்த்து, கம்பி புதுசா என்று கேட்டார். நான் ‘ஓடுற பஸ்ஸுல’ வசனத்தை முழுதாக எடுத்துவிட்டேன். அதற்கு மட்டும் தலையை ஆட்டினார். காபியைக் குடித்துவிட்டு, கண்டக்டர் சார், வர்றோம் என்று போய்விட்டார்.

சாப்பிடவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபியோடு போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு எந்தச் சாமியும் ஜாமீன் கிடையாது. வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. உப்பு ஜோக்குதான் காரணம் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. மகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சாப்பாட்டில் உப்பு கேட்டால் டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு எழுந்து போவாள்.

கடைசியில் தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்திருபது பேராக வருகிறார்கள். எல்லாம் மனசுக்குப் பிடித்திருந்தால் அன்றைக்கே தட்டு மாற்றிக்கொண்டு, கை நனைத்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால் மறுபடியும் காபி. அந்தக் காபி கடைசிக் காபி.

என் மனைவி முதல் நாளே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ‘நாளைக்கு உங்க வாயில இருந்து பஸ் ஸ்டாப்பு பேரு வந்தாக்கூடப் பரவால்ல. ஜோக்கு மட்டும் வரக்கூடாது. அந்த மனுசன் வாயால ஒரு தடவ உங்கள சம்பந்தின்னு கூப்புட்டுட்டா போதும், அப்புறம் மாறமாட்டாரு. அதுவரைக்கும் நீங்க ஊமை.’

எனக்குச் சம்மதம்தான். மகளின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஜோக்கு வராது.

வீட்டுக்குள் அவ்வளவு பேர் உட்கார இடம் கிடையாது என்பதால் மாடியில் ஷாமியானா. ஞாயிறு காலை, கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏறினேன். வலது கை வழக்கம்போலக் கம்பியில். பாதிப் படியில் கம்பியும் என்னோடு வந்தது.

கொஞ்சம்தான் வந்தது. தெரிந்தவர்களைப் பார்த்தால் நாய் உடம்பை நெளிக்குமே, அந்த மாதிரி ஒரு நெளிவு. குனிந்து பார்த்தேன். படியில் ஊன்றியிருந்த கால்கம்பியின் அடியில் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. இரும்புக்குள் மனுஷ விரல் போவதெல்லாம் புராணத்தில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். வெளியே எடுத்தால் நுனியில் காபித்தூள் மாதிரி துரு. அடுத்த கால்கம்பியும் அதே கதை. அதற்கடுத்ததும். இரும்பு எப்போதோ வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த பெயிண்ட், ஒன்றின் மேல் ஒன்றாகக் கெட்டித்து, கம்பி வேஷம் போட்டு நின்றுகொண்டிருந்தது. நான் உயிரை நம்பிக் கொடுத்துவைத்திருந்தது மயில் நீலத்திடம்.

உடனே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க வரவில்லை. ஒவ்வொரு படியாகப் பிட்டத்தாலேயே இறங்கினேன். மேலே கயிறு கட்டிக்கொண்டிருந்த மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

‘இன்னா மாமா பண்றீங்க?’

‘படி சுத்தமா இருக்குதான்னு பாக்குறேன்.’

‘பட்டு வேட்டியாலயா?’

கீழே வந்து, வாழை மரம் கட்டிய வாசலில் நின்று யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் வாழை மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பையன் வீட்டுப் பெண்மணி யாராவது அந்தக் கம்பியில் சாய்ந்தால் என்ன ஆகும்? அடியில் துணி துவைக்கிற கல். சம்பந்தம் முறிவதோடு நிற்காது, இடுப்பும் முறியும். உண்மையைச் சொல்லிவிடலாமா? பையனின் அப்பா, அந்தப் பெரியவர், இதுவரை என் வீட்டில் தலையாட்டியது இந்தக் கம்பி ஒன்றுக்குத்தான். அதுவும் வெறும் பெயிண்ட் என்று தெரிந்தால், இந்த ஆள் சொல்கிற மற்றதெல்லாம் என்ன கணக்கு என்றுதானே நினைப்பார்? ஞாயிற்றுக்கிழமை வெல்டர் யாரும் போன் எடுக்கவில்லை. ஒருவர் எடுத்தார்; அவரும் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார், பாயசம் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் அந்த மகா யோசனை வந்தது. பொங்கலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் டப்பா கொல்லையில் கிடந்தது. உள்ளே பெயிண்ட் இட்லி மாதிரி உறைந்திருந்தது. அதோடு கல்லாகிப்போன ஒரு பிரஷ். இரண்டையும் கொண்டுவந்து முதல் படியில், எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். கம்பியில் யாரும் கை வைக்கக்கூடாது, பெயிண்ட் ஈரம். முடிந்தது. மைத்துனன் பொங்கலுக்குத்தானே அடித்தோம் என்று கேட்டான். விசேஷத்துக்காக இன்னொரு கோட்டு என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை.

வேனில் வந்து இறங்கினார்கள். ‘வணக்கம் கண்டக்டர் சார்’ என்றார் பெரியவர். இன்னும் சார்தான். நான் படியடியில் என் டூட்டியை ஆரம்பித்தேன். ‘மேல போங்க, மேல போங்க. கம்பியைப் புடிக்காதீங்க, பெயிண்ட் ஈரம்.’ இத்தனை வருஷம் சொன்னதற்கு நேர் எதிர்ச் சொல். நாக்கு ஒவ்வொரு தடவையும் தடுக்கிக்கொண்டுதான் வந்தது. பாதிப் பேருக்கு ‘கம்பியைப் புடி...’ வரை சொல்லிவிட்டு, பிறகு அவசரமாக ‘க்காதீங்க’ சேர்த்தேன்.

என் எச்சரிக்கை யாருக்கும் தேவைப்படவே இல்லை. பழத்தட்டு, பூத்தட்டு, இடுப்பில் குழந்தை என்று இரண்டு கையும் நிறைந்து வந்தவர்கள், தரையில் நடக்கிற மாதிரியே மாடிக்கு நடந்தார்கள். தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பாட்டியம்மா, பாதிப் படியில் நின்று, திரும்பி, கீழே நின்ற மருமகளைத் திட்டி முடித்துவிட்டுப் பிறகு ஏறினார். கடைசியாகப் பெரியவர். முதல் படியில் கால் வைத்தவர், டப்பாவைப் பார்த்தார், உறைந்த பிரஷைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலால் கம்பியை மெல்லத் தொட்டார். என் உயிர் அந்த விரலடியில் இருந்தது. விரலைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை இழுத்து, விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டார். ஏறிப் போனார்.

அப்பாடா, நம்பிவிட்டார் என்று நினைத்தேன். துடைப்பதற்கு அந்த விரலில் ஒன்றுமே இல்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

எல்லாரும் மேலே. நான் கீழே. திட்டத்தில் இந்த ஒரு ஓட்டை இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊருக்கே கம்பி இல்லாமல் ஏற்பாடு செய்துவிட்டேன். கம்பி இல்லாமல் ஏற முடியாத ஒரே ஆளுக்கு ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. தட்டு மாற்றப் பெண்ணின் அப்பா வேண்டும். மேலேயிருந்து கூப்பிடுகிறார்கள். இதோ வந்துட்டேன் என்கிறேன். முதல் படியில் ஒரு காலை வைக்கிறேன், எடுத்துவிடுகிறேன். செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். மறுபடி போட்டுப் பார்த்தேன். யாரோ கூப்பிட்ட மாதிரி தெருவைப் பார்த்து ஒரு தடவை ‘யாரு?’ என்றுகூடக் கேட்டேன். தெருவில் யாரும் இல்லை.

மனைவி விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

‘இன்னும் இன்னா பண்றீங்க? நல்ல நேரம் போவுது.’

‘கம்பி போயிடுச்சு’ என்றேன், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். ‘உள்ள இரும்பே இல்ல. வெறும் பெயிண்ட்டு.’

‘தெரியும்.’

‘தெரியுமா?’

‘ரெண்டு பொங்கலாவே ஆடுது. கெட்டியா அடிப்பான்னு பெயிண்டர்கிட்ட சொன்னதே நான்தான்.’

அவளுக்குத் தெரியும். அவள் தம்பிக்குத் தெரியும். மகளுக்குத் தெரியும், அவள் தோழிகள் மாடிக்கு வரும்போதெல்லாம், அதுல சாயாதீங்கடி, அது எங்க அப்பாவுக்கு மட்டும் என்று சொல்லிவைப்பாளாம். பக்கத்து வீட்டுப் பூனைக்குத் தெரியும், அது சுவர் வழியாகத்தான் மாடிக்கு வருமாம். தெரியாத ஜீவன் நான் ஒருவன்.

‘எங்கிட்ட ஏன் சொல்லல?’

‘சொன்னா அப்புறம் தண்ணித் தொட்டி யாரு கழுவுறது?’



அவள் தொடர்ந்தாள். இவ்வளவு நாளும் ஒன்றும் இல்லாததைப் பிடித்துக்கொண்டுதானே ஏறி இறங்கினீர்கள், இன்றைக்கும் அதேமாதிரி ஏறுங்கள் என்றாள். நியாயமான வாதம். என் தலை ஒப்புக்கொண்டது. முழங்கால்கள் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய் எங்கள் பக்கத்துத் தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்தாள். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், பூ, நடுவில் குடுமியோடு ஒரு தேங்காய். அதை என் இரண்டு கையிலும் திணித்தாள்.

‘கீழ பாக்காதீங்க. தட்டைப் பாருங்க. இது கீழ விழுந்தா மட்டும் பயப்படுங்க.’

சொல்லிவிட்டு முன்னால் ஏறிப் போய்விட்டாள். சகுனத்துக்குப் பயப்படுகிறவர்கள் மேலே ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். இப்போது எனக்கு இரண்டு பயம். ஒரு பயத்தை இன்னொன்றால் அடக்கலாம் என்று அவள் கணக்கு போட்டிருக்கிறாள் போல.

ஏறினேன். வாய் சும்மா இருந்தால் மனசு கண்டதையும் பேசும் என்பதால், அவள் முதல் நாள் கொடுத்த அனுமதியைப் பயன்படுத்திக்கொண்டேன். படிக்கு ஒரு ஸ்டாப்பாக, உதட்டுக்குள்ளேயே. முத்தியால்பேட்டை. கோட்டக்குப்பம். பொம்மையார்பாளையம். இடது பக்கம் சுவர், அது போதும், அது போதும். காலாப்பட்டு. கண் தேங்காய் மேல். தேங்காயின் மூன்று கண்ணும் என் மேல். கூனிமேடு. உப்பளத்திலிருந்து வந்த காற்று, வலது பக்கம் ஒன்றும் இல்லை என்பதை வேட்டியைத் தூக்கி எனக்கு ஞாபகப்படுத்தியது. அனுமந்தை வந்தபோது தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டி நிற்பதற்குள் குதிக்கிற பயணி மாதிரி தேங்காய் இறங்கிவிட்டது.

டொக், டொக் என்று ஒவ்வொரு படியாக அது போகிற சத்தம். நான் திரும்பவில்லை. திரும்ப முடியாது. கடைசியில் அடிக் கால்கம்பியில் மோதியிருக்க வேண்டும். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு காய்ந்த தென்னை மட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று. கால்கம்பிகள் கீழிருந்து மேலாக ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றன. கடைக்கண்ணில், ஒரு நீலக் கோடு என்னைத் தாண்டி, அவசரமே இல்லாமல், விருந்து சாப்பிட்ட மாமனார் பாயில் சாய்கிற மாதிரி வெளிப்பக்கமாகச் சாய்ந்து போனது. துவைக்கிற கல்லின் மேல் விழுந்தபோதுகூடப் பெரிய சத்தம் இல்லை. சத்தம் போட அதில் இரும்பு வேண்டுமே.

நான் அசையாமல் நின்றேன். எவ்வளவு தைரியம் என்று பிற்பாடு பலபேர் சொன்னார்கள். கால் வரவில்லை, அவ்வளவுதான்.

 படிக்கட்டின் உச்சியில் வரிசையாக முகங்கள். அதில் மகளின் முகம். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நின்றிருந்தது. கண்ணாடி போட்ட பாட்டியம்மா, தாம்பூலத் தேங்காய் கீழே போயிருக்கிறதே என்று ஆரம்பித்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கீழே எட்டிப் பார்த்தார். கல்லின் மேல் நீட்டிப் படுத்திருந்த நீலக் கம்பி, பக்கத்தில் இரண்டாகப் பிளந்த தேங்காய், முதல் படியில் பெயிண்ட் டப்பா. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மீசை அசைந்தது. இந்தத் தடவை காற்று இல்லை.

‘சம்பந்தி,’ என்றார், ‘பெயிண்ட்டு காஞ்சிடுச்சு போல.’

முதலில் சிரித்தது என் மகள்தான். பிறகு பையன். பிறகு ஷாமியானாவே குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. அந்த முதல் சொல்லைக் கேட்டதற்குப் பிறகு மற்றது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அவர் கையை நீட்டி, தட்டின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். கெட்டியான பிடி. நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். மிச்சமிருந்த படியை நான் ஏறினேனா, அவர் தட்டோடு சேர்த்து இழுத்தாரா என்று தெரியாது, மேலே இருந்தேன். தட்டு மாறியாகிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பாட்டியம்மா உடனே கட்சி மாறி, விசேஷத்துக்கு முன்னால் சிதறு தேங்காய் உடைவது எவ்வளவு நல்லது தெரியுமா என்று எல்லாருக்கும் விளக்க ஆரம்பித்தார்.

இலை போட்டார்கள். கை நனைத்தார்கள். பெரியவர் வடையைப் பிட்டு வாயில் போட்டு, மென்று, என் பக்கம் திரும்பாமலேயே, உப்பு சொந்தம்னு அன்னிக்குச் சொன்னீங்களே, வடையில கொஞ்சம் கம்மி என்றார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சாம்பார் வாளிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வாரமும் அந்த ஜோக்கை அந்த மனிதர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். நான்தான் வீட்டில் உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஏறியாயிற்று, இறங்க வேண்டுமே. பாய் சுருட்டுகிறேன் என்றேன். நாற்காலி அடுக்குகிறேன் என்றேன். அடுக்கிய நாற்காலியைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். மைத்துனன் சிரித்துக்கொண்டே பாத்திரத்தோடு இறங்கிப் போனான். கடைசியில் நானும் பெரியவரும் மட்டும். நீங்கள் முன்னால் போங்கள், இதோ வருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார். சரி என்று இறங்கிப் போனார்.

நான் எட்டிப் பார்த்தேன். கீழே போனவர் வேனுக்குப் போகவில்லை. படியடியிலேயே, முதுகைப் படிக்குக் காட்டிக்கொண்டு, உப்புக் குவியல்களைப் பார்த்து நின்றுகொண்டார். வேன் பக்கம் இருந்து யாரோ இந்தப் பக்கம் வர, அவர்களையும் கையைக் காட்டி அங்கேயே நிறுத்திவிட்டார். அந்த அகலமான முதுகுக்குப் பின்னால் படிக்கட்டு முழுவதும் எனக்கு மட்டும் கிடைத்தது.

உட்கார்ந்தேன். காலையில் வந்த அதே வழியில், அதே வேட்டியில், ஒவ்வொரு படியாக. மரக்காணம். அனுமந்தை. கூனிமேடு. இந்தத் தடவை எதிர்த்திசை வண்டி.

தரை காலில் பட்டதும் எழுந்து, பின்பக்கம் தட்டிக்கொண்டேன். அவர் திரும்பவே இல்லை. உப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

‘ஸ்டாப்பு வந்துடுச்சா சம்பந்தி?’

‘வந்துடுச்சுங்க.’

‘அப்ப ரைட் குடுங்க, கெளம்புறோம்.’

விசில் பையில் இல்லை. விரலை மடித்து வாயில் வைத்து ஊதினேன். வேனில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘ரைட், ரைட்’ என்றேன். பழக்கதோஷத்தில், ‘கம்பியைப் புடிச்சு ஏறுங்க’ என்றும் சொன்னேன். அவர் வேன் கதவோரக் கம்பியை, தாங்குமா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு ஏறினார்.